பிரதேச சபைகள் யாரிடம் பாடம் கற்க வேண்டும்?

2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் மூலம் எமது உள்ளூராட்சி மன்றங்களுக்கு மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் கிடைத்தார்கள். அதற்கு முன்னர் இரண்டு வருடங்களுக்கும் மேலாக அந்த ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. 2023 மார்ச் 9 ஆம் திகதி நடைபெறவிருந்த தேர்தல், பணம் இல்லை என்று காரணம் கூறி ஒத்திவைக்கப்பட்டது. அந்தச் செயல் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாகாண சபைகளின் கதை இதைவிட மோசம். கடைசியாக ஒரு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2014 இல், அதுவும் ஊவாவில். ஆகவே இன்றைய நிலையில், பாராளுமன்றத்துக்குக் கீழே நாம் வாக்களித்துத் தெரிவு செய்த ஒரே நிறுவனம் உள்ளூராட்சி மன்றம்தான். கற்பிட்டிக் குடாநாட்டில் வாழும் எமக்கு அது கற்பிட்டி பிரதேச சபை.

தெரிவானவர்களில் பலர் முதற்தடவையாக இந்தப் பொறுப்புக்கு வந்தவர்கள். கடற்றொழில் செய்தவர், கடை வைத்திருந்தவர், தோட்டம் செய்தவர், வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்த தாய் என்று எல்லோரும் சபையில் அமர்ந்திருக்கிறார்கள். இது நல்ல விடயம்தான். ஆனால் வரவு செலவுத் திட்டத்தை எப்படி வாசிப்பது, குப்பையை எங்கே கொண்டுபோவது, வடிகானுக்கு ஒதுக்கிய பணம் வடிகானுக்கே போனதா என்று எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது யார்?

இந்தக் கேள்விக்கு உலகின் பல நாடுகள் ஒரு பதிலைக் கண்டுபிடித்திருக்கின்றன. ஒரு சபை இன்னொரு சபையிடம் கற்கட்டும் என்பதே அந்தப் பதில். தவிசாளர் தவிசாளரிடமும், குப்பை வண்டியைப் பொறுப்பேற்று நடத்தும் மேற்பார்வையாளர் அதே வேலையைச் செய்யும் இன்னொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு இது. சகபாடிக் கற்றல் என்று இதனைச் சொல்லலாம். இதற்காகச் சர்வதேச மட்டத்தில் வலையமைப்புகளும் உள்ளன. அவை என்ன, எப்படி இயங்குகின்றன, எமது பிரதேசத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

அகழி வெட்டிய பாடம்

இது எமக்குப் புதிய சிந்தனையும் அல்ல. ஹிஜ்ரி 5 ஆம் ஆண்டில் மதீனாவை எதிரிகள் சூழ வந்தபோது, பாரசீகத்திலிருந்து வந்திருந்த ஸல்மான் அல் பாரிஸி (ரழி) அவர்கள் அகழி வெட்டும் ஆலோசனையைச் சொன்னார்கள். அது அரபிகள் அறிந்திருந்த போர் முறை அல்ல. இருந்தும் நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டதோடு நிற்காமல், தாமும் இறங்கி மண் சுமந்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் மூன்று விடயங்கள் இருக்கின்றன. ஆலோசனை சொன்னவர் அதை நேரில் கண்டறிந்தவர். அந்த ஆலோசனை அப்போது ஊருக்கு இருந்த ஆபத்துக்குப் பொருந்தியது. கேட்டவர்கள் உடனே வேலையில் இறங்கினார்கள். மஷூறாவை ஒரு முழு அத்தியாயத்தின் பெயராகவே கொண்ட வேதம் எம்மிடம் இருக்கிறது. பிற ஊராரின் அனுபவத்தைக் கேட்பதை இழிவாக நினைக்கும் மனப்பான்மைக்கு எமது மார்க்கத்தில் இடமில்லை.

ஆசிரியத் தொழிலிலும் இதே உண்மையைத்தான் காண்கிறோம். ஒரு மண்டபத்தில் நூறு ஆசிரியர்களை அமர்த்தி நாள் முழுக்க விரிவுரை நடத்தினால் கிடைப்பது சான்றிதழும் பகல் உணவும்தான். தரம் மூன்றில் வாசிக்கத் தெரியாத பத்துப் பிள்ளைகளை வாசிக்க வைத்த ஓர் ஆசிரியையின் வகுப்பறையில் பின் வாங்கில் இரண்டு மணித்தியாலம் அமர்ந்திருந்தால் அதைவிட அதிகம் கற்கலாம். சபைகளுக்கும் இது பொருந்தும்.

மூன்று வகை வலையமைப்புகள்

சர்வதேச வலையமைப்பு என்றவுடன் எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது வகை, பணம் கொடுப்பவர்களின் வலையமைப்பு. அதிகாரப் பரவலாக்கத்துக்கும் உள்ளூராட்சிக்கும் உதவி செய்யும் அரசாங்கங்களும் நிறுவனங்களும் 2006 இல் தமக்குள் ஒரு குழுவை ஆரம்பித்தன. டெலோக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதன் செயலகத்தை ஜேர்மனியின் ஜி.ஐ.இசட். நிறுவனம் நடத்துகிறது. ஒரே நாட்டில் ஒரே வேலையை நான்கு நிறுவனங்கள் நான்கு விதமாகச் செய்து குழப்பக் கூடாது, ஒருவர் கண்ட பிழையை மற்றவர் மீண்டும் செய்யக் கூடாது என்பதே இதன் அடிப்படை நோக்கம். இங்கே கற்பவர்கள் உதவி நிறுவனங்களின் அதிகாரிகள். எமது தவிசாளர்கள் அல்லர்.

இரண்டாவது வகை, சபைகளே சேர்ந்து அமைத்துக்கொண்ட சங்கங்கள். இதற்கு நூறு ஆண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. 1913 இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் உள்ளூராட்சிகளின் சர்வதேச ஒன்றியம் உருவானது. அது வேறு அமைப்புகளுடன் இணைந்து 2004 இல் ஐக்கிய நகரங்கள் மற்றும் உள்ளூராட்சிகள் அமைப்பாக மாறியது. இதன் தலைமையகம் பார்சிலோனாவில் உள்ளது. ஆசிய பசுபிக் பிரிவு ஜகார்த்தாவிலிருந்து இயங்குகிறது. பொதுநலவாய நாடுகளுக்கென 1995 இல் பொதுநலவாய உள்ளூராட்சி மன்றம் ஆரம்பமானது. உள்ளூர் ஜனநாயகத்துக்கான அடிப்படைகளை அது 2005 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் வகுத்தது. ஆசிய நகரங்களுக்கென 1987 இல் ஆரம்பமான சிட்டிநெட் இப்போது சியோலைத் தளமாகக் கொண்டுள்ளது. கொழும்பும் அதில் உறுப்பினர். இலங்கை உள்ளூராட்சி அதிகார சபைகளின் சம்மேளனமும் இத்தகைய சர்வதேச அரங்குகளில் எமது சபைகளின் சார்பில் பேசுகிறது.

மூன்றாவது வகைதான் எமக்கு மிகவும் முக்கியமானது. அது மாநாட்டு மண்டபத்தில் நடப்பதில்லை. ஒரு சபையினர் இன்னொரு சபையின் மண்ணில் நின்று, கண்ணால் பார்த்து, கேள்வி கேட்டு, திரும்பி வந்து தமது சொந்தப் பணத்தில் செய்து பார்ப்பது. இதற்கு மிகச் சிறந்த உதாரணம் பங்களாதேஷில் இருக்கிறது.

பங்களாதேஷ்: அயல் சபையே பள்ளிக்கூடம்

பங்களாதேஷில் எமது பிரதேச சபைக்கு ஒப்பான, ஆனால் அதைவிடச் சிறிய அலகு யூனியன் பரிஷத். நாடு முழுவதும் சுமார் 4,500 யூனியன் பரிஷத்கள் உள்ளன. 2007 இல் அங்கு கிடைமட்டக் கற்றல் திட்டம் என்ற முயற்சி ஆரம்பமானது. மேலிருந்து கீழே கற்பிப்பது செங்குத்து, சமமானவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்பது கிடைமட்டம் என்பதே பெயரின் பொருள். அரசாங்கத்தின் உள்ளூராட்சிப் பிரிவும் உலக வங்கியின் நீர் மற்றும் சுகாதாரத் திட்டமும் இதற்குத் துணை நின்றன.

வேலை நடக்கும் முறை எளிமையானது. ஒவ்வொரு பரிஷத்தும் தான் நன்றாகச் செய்த ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். எமக்கு என்ன குறை என்று கேட்டால் எல்லாச் சபைகளும் ஒரே பட்டியலை நீட்டும். நீங்கள் எதைச் சரியாகச் செய்தீர்கள் என்று கேட்டால்தான் சுவாரசியமான பதில்கள் வரும். ஒன்று, தனது எல்லைக்குள் மலசலகூடம் இல்லாத வீடே இல்லை என்ற நிலையை எட்டியிருக்கும். இன்னொன்று, ஆர்சனிக் நஞ்சு கலக்காத குடிநீரை வழங்க வழி கண்டிருக்கும். வேறொன்று, ஏழைகளை வருத்தாமல் வரி சேகரித்திருக்கும். சொன்னது உண்மைதானா என்று மற்றச் சபையினர் நேரில் போய்ச் சரிபார்ப்பார்கள். பின்னர் எந்த அனுபவம் தமக்குத் தேவை என்பதைத் தாமே தெரிவு செய்து, அந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். திரும்பி வந்ததும் அதனைத் தமது அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சேர்ப்பார்கள்.

கடைசிப் படியைக் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து பணம் வந்தால்தான் செய்வோம் என்று அவர்கள் சொல்லவில்லை. தமது பணத்தை ஒதுக்குகிறார்கள். தனது பணத்தைப் போடுகிறவன்தான் உண்மையில் கற்றவன்.

இப்படிப் பரவிய நல்ல வழக்கங்களுள் ஒன்று திறந்த வரவு செலவுக் கூட்டம். அதன் வேர் 2000 ஆம் ஆண்டில் சிராஜ்கஞ்ச் மாவட்டத்தில் ஐக்கிய நாடுகளின் உதவியுடன் ஆரம்பித்த ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தில் இருக்கிறது. யூனியன் பரிஷத்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்து, மக்களைக் கூட்டித் திட்டமிடும்படி சொன்னார்கள். தவிசாளர் பொது இடத்தில் ஊரைக் கூட்டி, இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவாகும் என்று வாசிப்பார். யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். கணக்குத் தமது கண்முன்னே வாசிக்கப்படும்போது மக்களுக்கு வரி கட்டும் தயக்கம் குறைகிறது என்பது அங்கு கண்ட அனுபவம். அந்தப் பாடம் 2006 இல் தேசியத் திட்டமாக விரிந்தது. 2009 ஆம் ஆண்டின் யூனியன் பரிஷத் சட்டம் திறந்த வரவு செலவுக் கூட்டத்தையும், வருடத்துக்கு இரு தடவையாவது வட்டார மக்கள் சபை கூட வேண்டும் என்பதையும் சட்டமாகவே ஆக்கியது. ஒரு மாவட்டத்தில் முளைத்தது ஒன்பது வருடங்களில் நாட்டின் சட்டமானது.

பங்களாதேஷின் உள்ளூராட்சி குறையற்றது என்று யாரும் சொல்ல முடியாது. அங்கும் கட்சி அரசியல் உண்டு, ஊழலும் உண்டு. ஆனால் நல்லதைச் செய்த ஒரு சபையை மற்றச் சபைகள் தேடிப் போக ஒரு வழி அங்கே அமைக்கப்பட்டது.

சுரபாயாவின் கூடை

எல்லை கடந்த கற்றலுக்கு இந்தோனேசியாவின் சுரபாயா நல்ல சாட்சி. 2001 இல் மக்களின் எதிர்ப்பால் அந்த நகரத்தின் கெபுதி குப்பை மேடு மூடப்பட்டது. குப்பை தெருக்களில் தேங்கியது. மீதொட்டமுல்லையை அறிந்த எமக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

சுரபாயாவுடன் தொடர்பிலிருந்த ஜப்பானிய நகரமான கித்தகியூஷு, தகாகுரா என்ற நிபுணரை அங்கு அனுப்பியது. அவர் ஜப்பானிய இயந்திரம் எதனையும் கொண்டுவரவில்லை. அந்த ஊரின் புளித்த உணவுகளிலிருந்தே நுண்ணுயிர்களை வளர்த்து, உமியும் தவிடும் கலந்து, காற்றோட்டமுள்ள ஒரு சாதாரணக் கூடையில் சமையலறைக் கழிவைக் கூட்டெருவாக்கும் முறையை உருவாக்கினார். துர்நாற்றம் குறைவு. அடுப்படியின் மூலையில் வைக்கலாம். நகர நிர்வாகம் ஆயிரக்கணக்கான கூடைகளை மக்களுக்கு வழங்கியது. மகளிர் அமைப்புகள் வீடு வீடாகப் போய்ப் பழக்கின. சில வருடங்களில் குப்பை மேட்டுக்குப் போகும் கழிவு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. பின்னர் அதே முறை வலையமைப்புகளின் வழியாகப் பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா என்று பரவியது.

கித்தகியூஷுவும் ஒரு காலத்தில் ஜப்பானின் மிக மோசமாக மாசடைந்த தொழிற்சாலை நகரங்களுள் ஒன்று. அந்த வேதனையைப் பட்ட ஊர் என்பதால்தான் அடுத்த ஊரின் வேதனை அதற்குப் புரிந்தது.

கேரளம்: எமக்குப் பக்கத்து வீடு

கேரளத்தில் 1996 ஆகஸ்ட் 17 ஆம் திகதி மக்கள் திட்டம் என்ற இயக்கம் ஆரம்பமானது. மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் உள்ளூராட்சி மன்றங்களிடம் கையளிக்கப்பட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டு, இனி நீங்கள் பாடு என்று விட்டுவிடவில்லை. உறுப்பினர்கள், அதிகாரிகள், தொண்டர்கள் என்று பெருந்தொகையானோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற பொறியியலாளர்களும் ஆசிரியர்களும் தொண்டர் படையாக முன்வந்து சபைகளின் திட்டங்களைச் சரிபார்த்தார்கள். திருச்சூருக்கு அருகில் 1990 இல் அமைக்கப்பட்ட கிலா என்ற உள்ளூராட்சிப் பயிற்சி நிறுவனம் இதன் முதுகெலும்பாக இருந்தது. சிறப்பாக இயங்கிய பஞ்சாயத்துகளைக் கலங்கரை விளக்கப் பஞ்சாயத்துகள் என்று அடையாளம் கண்டு, மற்றவர்கள் அங்கே போய்க் கற்கவும் அது வழி செய்தது.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது கணினி அறிவு இருக்க வேண்டும் என்ற இலக்குடன் 2002 இல் அக்ஷயா திட்டம் அங்கேதான் ஆரம்பமானது. பின்தங்கிய மாவட்டம் என்று பேசப்பட்ட மலப்புறத்தில் வெற்றி கண்ட அத்திட்டம் பின்னர் கேரளம் முழுவதற்கும் விரிந்தது. பின்தங்கிய ஊர் என்றால் கற்க மட்டுமே வேண்டும், கற்பிக்க எதுவும் இருக்காது என்ற எண்ணத்தை மலப்புறம் பொய்யாக்கியது.

கட்டடத்தைப் பார்த்து வந்தால் போதாது

இலங்கையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பலாங்கொடை நகர சபையின் கூட்டெரு நிலையம் நாடறிந்த வெற்றி. அங்கே குப்பை வகை பிரிக்கப்பட்டுச் சேகரிக்கப்படுகிறது, எரு விற்கப்படுகிறது. பல சபைகள் அங்கு போய்ப் பார்த்து வந்தன. மத்திய சுற்றாடல் அதிகார சபை 2008 இல் ஆரம்பித்த பிலிசரு திட்டத்தின் கீழ் நாடெங்கும் பல கூட்டெரு நிலையங்கள் கட்டப்பட்டன. ஆனால் அவற்றில் பல எதிர்பார்த்தபடி இயங்கவில்லை.

காரணம் கடினமானதல்ல. கட்டடத்தைப் பிரதி எடுப்பது இலகு. வீட்டு வாசலில் உக்குவதையும் உக்காததையும் பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தைப் பிரதி எடுப்பது கடினம். பிரிக்காத குப்பையை எவ்வளவு நல்ல கூரையின் கீழ் கொட்டினாலும் நல்ல எரு வராது. பலாங்கொடையின் இரகசியம் கொட்டகையில் இல்லை. ஒவ்வொரு நாளும் குப்பை வண்டியில் போகிறவர்களிடமும் வீட்டு மக்களிடமும் இருக்கிறது. கற்கப் போகிறவர்கள் அவர்களிடம் பேசியிருக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சுற்றுலாக்களுக்கு இன்னும் பெரிய நோய் உண்டு. போக வேண்டியவர் போவதில்லை. குப்பையைப் பற்றிப் படிக்கும் பயணத்தில் குப்பை மேற்பார்வையாளர் இருக்க மாட்டார். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர் இருப்பார். திரும்பி வந்த பின்னர் அறிக்கை ஒன்று கோப்பில் படுக்கும். படங்கள் முகநூலில் வரும். மக்களுக்கு எதுவும் வராது. இத்தகைய பயணங்களைப் பார்த்துச் சலித்துப்போன மக்கள், வெளிநாட்டுப் பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தவறு கற்றலில் இல்லை. யார் போனார், எதற்காகப் போனார், வந்து என்ன செய்தார் என்று நாம் கேட்காமல் விட்டதில் இருக்கிறது.

வரைபடத்தில் விடுபட்ட இடம்

உதவித் திட்டங்கள் மாகாண எல்லைகளைப் பார்த்து வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் அண்மைக் காலத்தில் உள்ளூராட்சியைப் பலப்படுத்துவதற்காக உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் நடைமுறைப்படுத்திய பெரிய வேலைத்திட்டம் வடக்கு, கிழக்கு, வடமத்திய, ஊவா ஆகிய நான்கு மாகாணங்களுக்கானது. வடமேல் மாகாணத்திலுள்ள புத்தளம் அதில் இல்லை.

ஆனால் யுத்தத்தின் சுமை மாகாண எல்லையோடு நிற்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோருக்கு அடைக்கலம் கொடுத்தது புத்தளம் மாவட்டம். கற்பிட்டிக் குடாநாட்டின் ஊர்கள் தமது காணியையும் கிணற்றையும் பள்ளிக்கூட வாங்கையும் பகிர்ந்துகொண்டன. வந்தவர்களில் பலரின் வாக்காளர் பதிவு நீண்ட காலம் வடக்கிலேயே இருந்தது. அவர்களின் குப்பையை அள்ளுவதும் வீதியைப் பராமரிப்பதும் இங்குள்ள சபைகளின் வேலையானது. அதற்குப் பின்னர் நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின் நிலையம் வந்தது. 2019 இல் கொழும்பின் குப்பை அறுவாக்காட்டுக்கு வரத் தொடங்கியது. நாட்டின் சுமைகளை ஒவ்வொன்றாக இந்த மாவட்டத்தின் தோளில் ஏற்றியவர்கள், அவற்றைத் தாங்குவதற்கான அறிவையும் வளத்தையும் சபைகளுக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே யாரேனும் திட்டம் கொண்டுவரும் வரை காத்திருக்க முடியாது. நாமே தேடிப் போக வேண்டும்.

தலவிலவிலிருந்து தொடங்கலாம்

கற்பிட்டி பிரதேச சபை எதை யாரிடம் கற்கலாம்? தலவிலவையே எடுத்துக்கொள்வோம். புனித அன்னம்மாள் திருத்தலத்தின் திருவிழாக்கள் ஒவ்வொரு வருடமும் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நடைபெறுகின்றன. இலட்சக்கணக்கான யாத்திரிகர்கள் இந்தச் சிறிய கடற்கரை ஊருக்கு வருகிறார்கள். சிங்களவரும் தமிழரும், கத்தோலிக்கரும் அல்லாதவரும் வருகிறார்கள். முஸ்லிம் கடைக்காரர்களும் வாகனச் சாரதிகளும் தோட்டக்காரர்களும் இந்த நாட்களில் உழைக்கிறார்கள். அதே நாட்களில் குடிநீர், மலசலகூடம், குப்பை, வாகன நெரிசல் என்று ஒரு சிறிய ஊர் திடீரென ஒரு நகரமாகிவிடுகிறது. கூட்டம் கலைந்த பின்னர் பிளாஸ்டிக் போத்தல்கள் கடற்கரையில் மிஞ்சுகின்றன. அவை கரைவலையில் ஏறுகின்றன.

இந்தப் பிரச்சினை தலவிலவுக்கு மட்டும் உரியதல்ல. மன்னார் மாவட்டத்தின் மடுவுக்கும் கதிர்காமத்துக்கும் இது உண்டு. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், செப்டெம்பர் 8 ஆம் திகதி நிறைவுபெறும் திருவிழாவுக்காக வேளாங்கண்ணிப் பேரூராட்சி ஒவ்வொரு வருடமும் பெருங்கூட்டத்தை எதிர்கொள்கிறது. அதற்குப் பக்கத்திலேயே நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினம் நகராட்சி ஏற்பாடு செய்கிறது. இந்த ஐந்து இடங்களின் சுகாதார மேற்பார்வையாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்தால் பேச எவ்வளவோ இருக்கும். எத்தனை தற்காலிக மலசலகூடங்கள் தேவை, கடைக்காரரிடம் கழிவுக் கட்டணத்தை எப்போது வாங்குவது, போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் என்ற முறை சரிவருமா என்பனவெல்லாம் செய்து பார்த்தவரிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகள். நாகையாரிடமும் வேளாங்கண்ணியாரிடமும் பேச எமக்கு மொழிபெயர்ப்பாளரும் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடியும் உண்டு. சென்னைக்கு அருகிலுள்ள குத்தம்பாக்கம் ஊராட்சியில் 1996 இல் தலைவராகத் தெரிவான இளங்கோ, விஞ்ஞானி வேலையை விட்டு ஊருக்கு வந்தவர். தனது ஊரில் கண்டதை மற்ற ஊராட்சித் தலைவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அவர் பஞ்சாயத்துப் பயிற்சிக் களம் ஒன்றை உருவாக்கினார். ஒரு தலைவர் சொன்னதை மற்றத் தலைவர்கள் கேட்டார்கள், ஏனெனில் அவர் அதே நாற்காலியில் இருந்து வந்தவர்.

இரண்டாவது விடயம் நிலத்தடி நீர். எமது குடாநாட்டின் நன்னீர் மணலுக்குக் கீழே மெல்லிய படையாகத்தான் இருக்கிறது. செறிவான தோட்டச் செய்கையால் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை ஒரு பிரதேச சபை தனியே தீர்க்க முடியாது. ஆனால் கிணறுகளைக் காலத்துக்குக் காலம் பரிசோதித்து, பெறுபேற்றை ஊருக்கு அறிவிக்க ஒரு சபையால் முடியும். ஆர்சனிக் கலந்த குழாய்க் கிணறுகளுக்குச் சிவப்பும், பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசிய பங்களாதேஷ் அனுபவம் இதற்குக் கைகொடுக்கும். எந்தக் கிணற்று நீரில் குழந்தைக்குப் பால் கரைக்கலாம் என்று ஒரு தாய்க்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது குப்பை. சுரபாயாவின் கூடைக்குத் தேவையான உமிக்கும் தவிட்டுக்கும் தயிருக்கும் எமது ஊர்களில் பஞ்சமில்லை. எரு இல்லாமல் மணல் தரையில் தோட்டமும் இல்லை. கொழும்பின் குப்பையை இங்கே கொட்டாதே என்று போராடிய மாவட்டம் நாம். எமது குப்பையை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்று காட்டினால் அந்தக் குரலுக்கு இன்னும் வலு சேரும்.

நாம் என்ன செய்யலாம்?

சபை கற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. பிரதேச சபைகளின் வேலை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ள அச்சட்டம் இடமளிக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர், சுகாதாரப் பரிசோதகர், வங்கி முகாமையாளர் என்று அறிவுள்ளவர்கள் எமது ஊர்களில் இருக்கிறார்கள். கேரளத்தின் தொண்டர் படையைப் போல அவர்களை அழைத்து அமர்த்தும்படி சபையைக் கேட்கலாம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றங்களும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை. எந்தப் பயிற்சிக்கு யார் அனுப்பப்பட்டார், அதனால் சபை என்ன தீர்மானம் எடுத்தது என்று யாரும் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். இது சண்டைக்கான ஆயுதம் அல்ல. ஒழுங்காக வேலை செய்யும் உறுப்பினருக்கு இது உதவியே.

பெண் உறுப்பினர்களை மறந்துவிடக் கூடாது. 2018 தேர்தலுக்கு முன்னர் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் ஏறத்தாழ 2 வீதம் மட்டுமே. 25 வீத ஒதுக்கீடு வந்த பின்னர் முஸ்லிம் சகோதரிகளும் சபைகளுக்கு வந்தார்கள். சிலரைப் பெயருக்காகவே அமர்த்தினார்கள் என்பது உண்மை. ஆனால் குடிநீரும் குப்பையும் முதலில் தட்டுவது சமையலறைக் கதவைத்தான். பங்களாதேஷில் ஒவ்வொரு யூனியன் பரிஷத்திலும் பெண்களுக்கான மூன்று ஆசனங்களுக்கு 1997 முதல் மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். கால் நூற்றாண்டு அனுபவம் பெற்ற அந்தப் பெண்களிடம் எமது உறுப்பினர்கள் கேட்க நிறைய இருக்கிறது. கற்கும் பயணம் ஒன்று அமையுமானால் முதலில் அனுப்ப வேண்டியவர்களுள் இவர்கள் இருக்க வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜும்ஆவுக்குப் பின்னர் ஜமாஅத் கணக்கை வாசிக்கும் வழக்கம் எத்தனையோ மஹல்லாக்களில் இருக்கிறது. அதே வழக்கத்தைப் பிரதேச சபையிடமும் கேட்பது எமது மக்களுக்குக் கடினமல்ல. வட்டார உறுப்பினர் வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஊரைக் கூட்டி, வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று சொல்லட்டும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் ஊர் கேட்டால் உறுப்பினர் வருவார். பாடசாலை மண்டபம் இருக்கிறது, கோவில் வளவு இருக்கிறது, தேவாலய முன்றல் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் மூன்று மதத்தவரும் ஒன்றாக அமர வேண்டும், ஏனெனில் வடிகானும் கிணறும் மதம் பார்ப்பதில்லை.

கற்பிப்பதற்கும் எம்மிடம் ஒன்று உண்டு

வலையமைப்பு என்பது கையேந்தும் இடமல்ல. எடுப்பவரும் கொடுப்பவரும் அங்கே ஒருவரே. ஒரே இரவில் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை எப்படி ஏற்றுக்கொள்வது, முப்பது வருடங்களுக்கும் மேலாக அவர்களோடு எப்படிப் பகிர்ந்து வாழ்வது, இடையில் வந்த மனக்கசப்புகளை எப்படித் தாண்டுவது என்ற அனுபவம் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் இருக்கிறது. ரோஹிங்யா அகதிகளை 2017 முதல் தாங்கிக்கொண்டிருக்கும் பங்களாதேஷின் கொக்ஸ் பஜார் மாவட்டத்துச் சபைகள் இன்று இதே கேள்விகளோடு போராடுகின்றன. சிரிய அகதிகளை ஏற்ற ஜோர்தான், லெபனான் நகராட்சிகளும் அவ்வாறே. எமது அனுபவத்தை ஒழுங்காக எழுதிவைத்தால் உலகம் அதைத் தேடி வரும்.

அதற்கு முதலில் எமது சபை, பங்களாதேஷில் கேட்கப்படும் அந்த எளிய கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: நாம் எதை நன்றாகச் செய்தோம்? அதன் கீழே, எதைக் கற்க விரும்புகிறோம் என்பதை எழுத வேண்டும். இந்த ஒரு பக்கத்தை அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் தயாரிக்கும்படி ஒவ்வொரு வட்டாரத்தின் மக்களும் தமது உறுப்பினரிடம் கேட்கட்டும். கட்சி பார்க்காமல் கேட்கட்டும். அடுத்த திருவிழா வருவதற்குள் மடுவுக்கோ கதிர்காமத்துக்கோ ஒரு வாகனத்தில் ஐந்து பேர் போய் வருவதற்குச் சர்வதேச நிதி எதுவும் தேவையில்லை. அந்த ஐந்து பேரில் ஒருவர் குப்பை வண்டியின் பொறுப்பாளராகவும், ஒருவர் பெண் உறுப்பினராகவும் இருந்தால் போதும். பயணம் நல்லபடியாகத் தொடங்கும், இன்ஷா அல்லாஹ்.